பொது நிகழ்ச்சிகளில் ஹாம் டிவி: தூக்கிச் செல்லும் நேரடிப் பட நிலையம் அமைக்கும் முறை

நெடுந்தூர ஓட்டம், சைக்கிள் பந்தயம், பெருங்கூட்டம் கூடும் விழா, வெள்ளக் கண்காணிப்பு போன்ற பணிகளில் ஹாம்கள் (பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்தும் உரிமம் பெற்றவர்கள்) வழக்கமாகத் தருவது குரல் செய்தி. "மூன்றாவது திருப்பத்தில் கூட்டம் நெருக்குகிறது" என்று களத்திலிருந்து ஒருவர் சொன்னதும், கட்டுப்பாட்டு அறையிலிருந்து கேள்விகள் கிளம்பும். எத்தனை பேர் இருக்கும்? எந்தப் பக்கமாக நகர்கிறார்கள்? ஆம்புலன்ஸ் நுழைய வழி இருக்கிறதா? பத்து நிமிடம் பேசினாலும் தெளியாத இந்த விவரங்களை ஒரு நேரடிப் படம் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடும். கைபேசி வழியாகவே வீடியோ அனுப்பலாமே என்று தோன்றும். ஆனால் கூட்டம் பெருகும் நேரத்தில்தான் கைபேசி கோபுரங்கள் திணறும். படம் மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான்.

இந்தக் குறிப்பு உரிமம் பெற்ற, குரல் தொடர்பில் பழகிய ஹாம்களுக்கானது. இதில் ஒன்றைத் திரும்பத் திரும்ப வலியுறுத்தப் போகிறோம்: ஒத்திகை நாளில் காலி மைதானத்தில் வந்த படம், நிகழ்ச்சி நாளில் ஆயிரக்கணக்கான உடம்புகளைத் தாண்டி வரும் என்று நம்பக் கூடாது. நிலையத்தை நெரிசலான நாளுக்காகவே வடிவமைக்க வேண்டும்.

முதலில் யாருக்கு எது தெரிய வேண்டும்

கருவியைத் தொடுவதற்கு முன் ஏற்பாட்டாளர்களிடம் போய் உட்காருங்கள். "உங்களுக்கு எந்த இடம் கண்ணில் பட வேண்டும், அதைப் பார்த்து என்ன முடிவெடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் மூன்று நான்கு இடங்களுக்குள் அடங்கும்: முடிவுக்கோடு, வாகனமும் மக்களும் குறுக்கிடும் சந்திப்பு, முதலுதவிக் கூடாரத்துக்குப் போகும் பாதை, நீர்மட்ட அளவுகோல். பந்தயம் முழுவதையும் காட்ட ஆசைப்பட வேண்டாம். நல்ல உயரத்தில் நிலையாக நிற்கும் ஒரு கேமரா, ஓடித் திரியும் மூன்று கேமராக்களைவிட அதிகம் பயன்படும்.

சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஹாம் அலைவரிசையில் கூலி வாங்கிக்கொண்டு சேவை செய்யக் கூடாது. படத்தைச் சங்கேதமாக்கி மறைக்கக் கூடாது. பொதுமக்கள் பார்க்கும் ஒளிபரப்பாகவும் நடத்தக் கூடாது. அது கட்டுப்பாட்டு அறைக்குப் போகும் தொடர்பு, அவ்வளவே. அழைப்புக்குறி படத்திலேயே தெரியட்டும். அமெரிக்காவில் 10 நிமிடத்துக்கு ஒரு முறையும் முடிக்கும்போதும் அடையாளம் காட்ட வேண்டும் என்பது விதி. மற்ற நாடுகளில் இடைவெளி மாறலாம். எப்போதும் ஓரத்தில் சிறு எழுத்தில் வைத்துவிட்டால் மறக்கவே வழியில்லை. சங்கேதம் இல்லாததால் ரிசீவர் வைத்திருக்கும் எவரும் அந்தப் படத்தைப் பார்க்கலாம். அதனால் காயம்பட்டவரின் முகத்தை நெருக்கிக் காட்டாதீர்கள். முதலுதவி நடக்கும்போது கேமராவைப் பாதை பக்கம் திருப்பிவிடுவது கண்டிப்பான பழக்கமாக இருக்கட்டும்.

உங்கள் நாட்டு உரிமம் எந்த அதிர்வெண்ணில், எத்தனை மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு இடம் தருகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 70 செ.மீ. பேண்ட் (அலைநீளத்தால் பெயர் பெற்ற அதிர்வெண் பகுதி) 420 முதல் 450 மெகாஹெர்ட்ஸ் வரை பரந்து கிடக்கிறது. ஐரோப்பாவில் பொதுவாக 430 முதல் 440 வரைதான். இன்னும் குறைவாகத் தரும் நாடுகளும் உண்டு. 4 மெகாஹெர்ட்ஸ் மட்டுமே கிடைக்கும் இடத்தில் 6 மெகாஹெர்ட்ஸ் சிக்னலை நுழைக்க முடியாது. 435 முதல் 438 வரை அமெச்சூர் செயற்கைக்கோள்கள் இயங்குகின்றன. அந்தப் பகுதியை மூடிக்கொண்டு பல மணி நேரம் அனுப்புவது மற்ற ஹாம்களுக்கு இழைக்கும் தீங்கு. 1240 முதல் 1300 வரையுள்ள 23 செ.மீ. பேண்டில் கலிலியோ வழிகாட்டிச் செயற்கைக்கோளின் ஈ6 சிக்னல் 1278.75 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு வருகிறது. அங்கே முன்னுரிமை அதற்குத்தான்.

எந்த முறை, எந்த பேண்ட்

அனலாக் ஏஎம் (அலையின் வீச்சை மாற்றிப் படத்தை ஏற்றுவது): 70 செ.மீ. பேண்டின் பழைய முறை. அமெரிக்காவில் 421.25, 427.25, 433.25, 439.25 ஆகிய நான்கும் கேபிள் டிவியின் 57 முதல் 60 வரையான சேனல்களோடு பொருந்துவதால் பழைய டிவி பெட்டியே ரிசீவராகிவிடும். தாமதம் அறவே இல்லை. சிக்னல் குறையக் குறையப் படத்தில் புள்ளிகள் பெருகி முன்கூட்டியே எச்சரிக்கும். ஆனால் புள்ளியே இல்லாத படத்துக்கு இரைச்சலைவிடச் சிக்னல் 45 டெசிபல் (வலிமையை ஒப்பிடும் அலகு, 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு சக்தி) அளவுக்கு மேலே நிற்க வேண்டும். சக்தியை விழுங்கும் முறை இது.

அனலாக் எஃப்எம் (அலையின் அதிர்வெண்ணை மாற்றிப் படத்தை ஏற்றுவது): 23 செ.மீ. பேண்டிலும் அதற்கு மேலும் பயன்படுவது. 16 முதல் 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் கேட்கும். ட்ரோன்களில் வரும் 5.8 கிகாஹெர்ட்ஸ் சிறு டிரான்ஸ்மிட்டர்கள் இந்த வகைதான். கிடைப்பது எளிது, எடையும் இல்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவற்றின் சேனல் பட்டியல் ஹாம் பேண்டை மதிப்பதில்லை. உலகின் பெரும்பகுதியில் ஹாம் பேண்ட் 5650 முதல் 5850 வரை. அமெரிக்கக் கண்டங்களில் 5925 வரை நீளும். பட்டியலில் இருக்கும் 5645, 5945 இரண்டும் எங்குமே உள்ளே வராது. 5865, 5885, 5905 ஆகியவை இடத்தைப் பொறுத்தவை. விளிம்புக்கு ஒட்டிய சேனலிலும் சிக்னலின் பாதி அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

டிவிபி-எஸ் (செயற்கைக்கோள் டிவிக்கான முறை): ஒற்றைக் கேரியர் (தகவலைச் சுமக்கும் அலை) டிஜிட்டல். வினாடிக்கு 333 ஆயிரம் சிம்பல் (ஒரு தடவையில் அனுப்பும் தகவல் துண்டு) முதல் 20 லட்சம் சிம்பல் வரை சுருக்கியும் விரித்தும் அனுப்பலாம். 20 லட்சத்திலிருந்து 333 ஆயிரத்துக்குச் சுருக்கினால் ஏறத்தாழ 8 டெசிபல் லாபம். இரண்டு உயரமான இடங்களுக்கு நடுவே தடையே இல்லை என்றால் இதற்கு ஈடு கிடையாது. தெருக்களுக்குள் கட்டடங்களில் மோதி வரும் எதிரொலி மட்டும் இதைச் சாய்த்துவிடும்.

டிவிபி-டி (தரைவழி டிவிக்கான முறை): ஆயிரக்கணக்கான சிறு கேரியர்களில் தகவலைப் பிரித்து அனுப்புவது. எதிரொலியைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. மரம், கட்டடம், கூட்டம், நகரும் வண்டி என்று எல்லாம் கலந்த பொது நிகழ்ச்சிக்கு நாங்கள் பரிந்துரைப்பது இதுதான்: 70 செ.மீ. அல்லது 23 செ.மீ. பேண்டில், 2 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில், க்யூபிஎஸ்கே (அலையின் நான்கு கட்டங்களில் தகவலை ஏற்றும்) பண்பேற்றத்தில், பிழைதிருத்தம் 1/2 விகிதத்தில் (அனுப்பும் பிட்டில் பாதி பிழையைத் திருத்தவே). 6 மெகாஹெர்ட்ஸுக்குப் பதிலாக 2 மெகாஹெர்ட்ஸ் எடுத்தால் ரிசீவருக்குள் வரும் இரைச்சல் சுமார் 5 டெசிபல் குறைகிறது. சாதாரண டிவி பெட்டி இந்தக் குறுகிய அகலத்தை எடுக்காது, அதற்கென்று உள்ள ரிசீவர் வேண்டும். கார்ட் இடைவெளியை (எதிரொலி அடங்குவதற்காகச் சிம்பல்களுக்கு நடுவே விடும் நேரம்) 1/32 என்று வையுங்கள். 8 மெகாஹெர்ட்ஸில் அது 7 மைக்ரோவினாடி. 2 மெகாஹெர்ட்ஸில் எல்லாமே நான்கு மடங்கு நீள்வதால் 28 மைக்ரோவினாடி ஆகிவிடும். 8 கிலோமீட்டர் சுற்றி வரும் எதிரொலியையே தாங்கும் என்பதால் 1/4 வைத்து வேகத்தை வீணாக்கத் தேவையில்லை. 1/32-ல் வினாடிக்கு சுமார் 1.5 மெகாபிட் கிடைக்கும், 1/4-ல் 1.24 மட்டுமே.

2.4 கிகாஹெர்ட்ஸை விட்டுவிடுங்கள். கூட்டத்தில் ஒவ்வொரு சட்டைப் பையிலும் அதே பேண்டில் ஒரு டிரான்ஸ்மிட்டர் இருக்கிறது.

சிக்னல் கையிருப்பு

கணக்கு எளிது. திறந்தவெளி இழப்பு = 32.44 + 20 மடக்கை (கிலோமீட்டர்) + 20 மடக்கை (மெகாஹெர்ட்ஸ்). 434 மெகாஹெர்ட்ஸில் 3 கிலோமீட்டருக்கு 94.7 டெசிபல். 1 வாட் என்பது 30 டிபிஎம் (1 மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபல்). அனுப்பும் ஆன்டெனாவின் பெருக்கம் 2 டெசிபல், வாங்கும் யாகியின் (ஒரே திசையை நோக்கும் ஆன்டெனா) பெருக்கம் 10, இருபக்கக் கேபிள் இழப்பு 2 என்று வைத்தால் ரிசீவர் வாயில் வந்து சேர்வது ஏறத்தாழ -55 டிபிஎம். மேலே சொன்ன 2 மெகாஹெர்ட்ஸ் அமைப்புக்கு -99 டிபிஎம் போதும். ஆக, காகிதத்தில் 44 டெசிபல் கையிருப்பு.

களத்துக்கு வந்தால் அது கரையத் தொடங்கும். இரண்டு ஆன்டெனாக்களுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியும் நேர்கோடு மட்டும் போதாது. அதைச் சுற்றி முட்டை வடிவில் ஒரு வெளியும் காலியாக இருக்க வேண்டும். 434 மெகாஹெர்ட்ஸில் 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுப்பகுதியில் அந்த வெளியின் ஆரம் 13 மீட்டர். அதில் 60 சதவீதமாவது திறந்திருக்க வேண்டும். இடுப்புயரத்தில் ஆன்டெனா வைத்தால் அது நடக்காது. மரங்கள், ஒரு கட்டட முனை, நனைந்த இலைகள் என்று சேர்ந்து 30 டெசிபல் தின்றுவிடுவது சாதாரணம். 5.8 கிகாஹெர்ட்ஸில் நிலைமை இன்னும் கடினம். 600 மில்லிவாட்டோடு அதே 3 கிலோமீட்டருக்கு இழப்பு 117 டெசிபல். வாங்கும் பக்கம் 14 டெசிபல் பேனல் வைத்தாலும் எஃப்எம் படத்தின் கையிருப்பு 10 டெசிபல் அளவுக்குத்தான் நிற்கும். எதிரே ஒருவர் வந்து நின்றால் போதும், படம் போய்விடும். தடையற்ற சில நூறு மீட்டருக்கு, உதாரணமாகக் கேமராவிலிருந்து பக்கத்து மாடிக்கு, இந்த பேண்ட் அருமையானது.

அனலாக் படம் மங்கிக்கொண்டே போய் எச்சரிக்கும். டிஜிட்டல் கடைசி 1 டெசிபல் வரை பளிச்சென்று நின்றுவிட்டு, அடுத்த நொடி உறைந்து போகும். எனவே ஒத்திகையில் படம் நன்றாக வருகிறது என்பது எந்தச் செய்தியையும் சொல்லவில்லை. விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்பதை அளந்தாக வேண்டும். வழி இதுதான்: ரிசீவர் பக்கம் ஆன்டெனா கேபிளுக்கு நடுவே 10 டெசிபல் அட்டெனுவேட்டர் (சிக்னலைக் குறைக்கும் சிறு துண்டு) ஒன்றைத் திருகுங்கள். படம் அப்படியே நின்றால் அந்த இடம் சரி. உடைந்தால் காலி மைதானத்திலேயே உங்களுக்குக் கையிருப்பு இல்லை என்று பொருள். ஆன்டெனாவை உயர்த்துங்கள், இடத்தை மாற்றுங்கள், சக்தியை ஏற்றுவது கடைசி வழி. நிறையப் பேர் கூடும் இடமென்றால் 20 டெசிபல் வைத்துப் பாருங்கள். கம்பத்தில் ப்ரீஆம்ப் (வந்த சிக்னலைப் பெருக்கும் கருவி) இருந்து அதற்கு மின்சாரம் கேபிள் வழியே போகிறதென்றால், அட்டெனுவேட்டரை ஆன்டெனாவுக்கும் ப்ரீஆம்புக்கும் நடுவே போடுங்கள். கீழே போட்டால் மின்சாரம் தடைபடும், அட்டெனுவேட்டரும் கெடலாம். டிரான்ஸ்மிட்டர் பக்கம் இந்தச் சின்னத் துண்டை மாட்டவே கூடாது, அரை வாட் தாங்கும் பொருள் கருகிவிடும்.

அட்டெனுவேட்டர் போட்டதும் படம் முன்பைவிட நன்றாக வந்தால்? பக்கத்தில் ஏதோ பலமான சிக்னல் ரிசீவரைத் திணறடிக்கிறது. உங்கள் அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் பேண்ட்பாஸ் ஃபில்டர் வேண்டும்.

ஆன்டெனா, கேபிள், கனெக்டர்

களத்து டிரான்ஸ்மிட்டருக்கு நாலு கால் கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா (நடுவில் நிமிர்ந்த கம்பி, கீழே சாய்ந்த கால் கம்பிகள்) போதும். செய்வதும் எளிது. நான்கு மூலைகளில் திருகு துளையுள்ள 'என்' (N) வகைப் பேனல் சாக்கெட் ஒன்று, 2 மி.மீ. செம்பு அல்லது பித்தளைக் கம்பி ஒரு மீட்டர். 434 மெகாஹெர்ட்ஸுக்கு நடுக் கம்பி சாக்கெட்டின் முகப்பிலிருந்து 16.4 செ.மீ. வர வேண்டும். முதலில் 17 வெட்டிப் பற்றவையுங்கள், பிறகு அளந்து நறுக்கலாம். கால் கம்பிகள் நான்கும் 17.2 செ.மீ. முனையை வளையமாக மடித்துத் திருகில் மாட்டி, 45 பாகை கீழே சாயுங்கள். கால்களைக் கிடையாக விட்டால் மின்மறுப்பு 50 ஓமைவிட நன்றாகக் குறையும். கீழே வளைக்க வளைக்க அது ஏறி 50-ஐ நெருங்கும். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் அளவு) 1.5-க்குக் கீழே வந்ததும் நிறுத்துங்கள். நடுக் கம்பியின் நுனியில் ஒரு சொட்டு ஈயமோ பிளாஸ்டிக் மூடியோ வையுங்கள். கண் உயரத்தில் கூர்மையான கம்பி ஆபத்து.

வாங்கும் பக்கம் யாகியோ பேனலோ வைத்து, முடிந்த அளவு உயரத்தில் நிறுத்துங்கள். ஒரே ஒரு மாடிதான் கிடைக்கும் என்றால் அது ரிசீவருக்குப் போகட்டும். எல்லாக் கேமராவுக்கும் அந்த உயரம் உதவும். இரண்டு பக்கமும் ஒரே துருவமுனைப்பு இருக்க வேண்டும். ஒன்று நின்றும் மற்றது படுத்தும் இருந்தால் சுமார் 20 டெசிபல் போய்விடும். யாகியை 90 பாகை திருப்பி மாட்ட மறப்பதால் வரும் இழப்பு, நூறு வாட்டை ஒரு வாட்டாக்குவதற்குச் சமம்.

கேபிளில் சிக்கனம் பார்க்க வேண்டாம். எல்எம்ஆர்-400 வகைக் கேபிள் 450 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு 0.09 டெசிபல்தான் இழக்கும். ஆர்ஜி-58 மூன்று நான்கு மடங்கு இழக்கும். 10 மீட்டர் ஆர்ஜி-58 போட்டால் பாதிக்கு மேல் சக்தி கேபிளைச் சூடேற்றவே போகும். 5.8 கிகாஹெர்ட்ஸில் எல்எம்ஆர்-400 கூட மீட்டருக்கு 0.35 டெசிபல். எனவே அங்கே டிரான்ஸ்மிட்டரையே கம்பத்தின் உச்சிக்கு ஏற்றி, கீழிருந்து வீடியோவும் மின்சாரமும் மட்டும் அனுப்புங்கள்.

எஸ்எம்ஏ கனெக்டரை உற்றுப் பாருங்கள். ட்ரோன் கருவிகளில் இரண்டு வகை கலந்து வரும்: நடுவில் ஊசி உள்ளது, ஊசி இடம்மாறிய ஆர்பி-எஸ்எம்ஏ. இரண்டும் ஒன்றோடொன்று அழகாகத் திருகிக்கொள்ளும், கை நிறைவாக இறுகும். ஆனால் உள்ளே துளைக்கு எதிரே துளை நிற்கும், நடுக் கடத்தி தொடவே தொடாது. ஆன்டெனா மாட்டியிருக்கிறது என்று நம்பி சக்தி கொடுத்தால் சில நிமிடங்களில் டிரான்ஸ்மிட்டர் போய்விடும். திருகுவதற்கு முன் இரண்டு வாயையும் வெளிச்சத்தில் காட்டி, ஒரு பக்கம் ஊசி, ஒரு பக்கம் துளை என்று கண்ணால் உறுதி செய்யுங்கள்.

ஆம்ப்ளிஃபயரும் பேட்டரியும்

குரலுக்காக வாங்கிய எஃப்எம் பவர் ஆம்ப்ளிஃபயரை அப்படியே டிவிக்கு மாட்டுவதுதான் மிகப் பரவலான தவறு. எஃப்எம் டிவிக்கு அது வேலை செய்யும். ஏஎம்முக்கும் டிவிபி-டிக்கும் லீனியர் ஆம்ப்ளிஃபயர் (சிக்னலின் வடிவம் மாறாமல் பெருக்குவது) கட்டாயம். அதையும் முழுச் சக்தியில் ஓட்டக் கூடாது. டிவிபி-டியில் ஆயிரக்கணக்கான கேரியர்கள் ஒரே கணத்தில் கூடி உச்சங்களை எழுப்பும். அவற்றுக்கு இடம் விட்டு 8 முதல் 10 டெசிபல் கீழேதான் இயக்க வேண்டும். 60 வாட் லீனியரிலிருந்து 6 முதல் 9 வாட் எடுப்பதுதான் முறை. அதற்கு மேல் முறுக்கினால் மீட்டர் முள் ஏறும், படம் கெடும். சிக்னலின் இருபுறமும் தோள் போல விரிந்து அடுத்தவர் அலைவரிசையையும் கெடுக்கும். மலிவான எஸ்டிஆர் (அலைவரிசையைக் கணினித் திரையில் காட்டும் ரிசீவர்) ஒன்றில் அந்தத் தோள்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டத்தை (ஆம்ப்ளிஃபயருக்குள் கொடுக்கும் சிக்னல் அளவை) குறைத்து வாருங்கள்.

ஏஎம்மில் இன்னொரு விஷயம். படத்தின் சிங்க் துடிப்பில்தான் (ஒவ்வொரு வரியும் எங்கே தொடங்குகிறது என்று காட்டும் குறி) உச்ச சக்தி போகிறது, வெள்ளைப் பகுதியில் மிகக் குறைவு. கேமரா வெளிறிய வானத்தைப் பார்த்தால் வாட்மீட்டர் சரியும். அது கோளாறல்ல. அதைப் பார்த்து ஓட்டத்தை ஏற்றினால் சிங்க் நசுங்கி, படம் பக்கவாட்டில் கிழியத் தொடங்கும்.

டிவி இடைவிடாமல் அனுப்புவது. குரலைப் போல அரை நிமிடம் பேசி ஓய்வெடுப்பதில்லை. வெயிலில் கறுப்புப் பெட்டிக்குள் மூடிய ஆம்ப்ளிஃபயர் ஒரு மணி நேரம் தாங்காது. ஹீட்சிங்க் செங்குத்தாக நிற்க, மேலே வெள்ளைத் துணி நிழலாக விழ, 12 வோல்ட் விசிறி ஒன்று தொடர்ந்து ஓடட்டும்.

பேட்டரிக் கணக்கு: கேமரா 6 வாட், என்கோடரும் (படத்தைச் சுருக்குவது) மாடுலேட்டரும் (அதை ரேடியோ அலையில் ஏற்றுவது) 10, ஆம்ப்ளிஃபயர் 40, மொத்தம் 56 வாட். 12.8 வோல்ட்டில் சுமார் 4.4 ஆம்பியர். ஆறு மணி நேரத்துக்கு 26 ஆம்பியர்-மணி. கொள்ளளவில் 80 சதவீதம்தான் பயன்படுத்துவோம் என்றால் 33 வேண்டும். 20 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி இரண்டு எடுத்துச் செல்லுங்கள். மாற்றும்போது மின்சாரம் அறுந்தால் என்கோடர் மறுபடி எழ ஒரு நிமிடம்கூட ஆகலாம். ஆகவே இரண்டு பேட்டரி உள்வழிக்கும் தனித்தனியே ஒரு ஷாட்கி டையோடு (மின்னோட்டத்தை ஒரே திசையில் விடும் பாகம்) வைத்து, புதியதை மாட்டிய பிறகே பழையதைக் கழற்றுங்கள். டையோடு இல்லாமல் நேராக இணைத்தால் நிறைந்த பேட்டரியிலிருந்து காலியானதற்குப் பெரும் மின்னோட்டம் பாயும்.

2 மீட்டர் நீளத்துக்கு 0.5 சதுர மி.மீ. ஒயர் போட்டால் போகவரச் சேர்த்து 0.6 வோல்ட் ஒயரிலேயே விழும். 2.5 சதுர மி.மீ. போட்டால் 0.12. ஃபியூஸ் 10 ஆம்பியர், பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள்.

கேமராவும் என்கோடரும்

கேமரா கனத்த முக்காலியில் நிற்கட்டும். இது அழகுக்காகச் சொல்லவில்லை. 1.2 மெகாபிட்டில் எச்.264 (வீடியோவைச் சுருக்கும் முறை) படம் அனுப்பும்போது, அசையாத பின்னணிக்குப் பிட் செலவே இல்லை, மிச்சமெல்லாம் நகரும் மனிதர்களுக்குப் போகும். கேமரா ஆடினால் ஒவ்வொரு செங்கலும் நகர்கிறது என்று என்கோடர் நினைத்து எல்லாப் பிட்டையும் அங்கே இறைத்துவிடும். படத்தில் பாதி, காற்றிலாடும் இலைகளாக இருக்கும் கோணத்தையும் தவிர்க்கலாம். திருப்ப வேண்டுமென்றால் மெதுவாகத் திருப்பி, நிறுத்தி, ஐந்து விநாடி நில்லுங்கள்.

சேனலின் கொள்ளளவு 1.5 மெகாபிட் என்றால் படம், ஒலி, அவற்றைப் பொதியும் கூடுதல் பிட் எல்லாம் சேர்ந்து 1.3-ஐத் தாண்டாமல் அமையுங்கள். சரியாக 1.5 வைத்தால் அமைதியான காட்சியில் நன்றாக ஓடும், ஓட்டக்காரர்கள் கும்பலாக வந்ததும் பொங்கி வழிந்து உறையும். கீஃப்ரேம் (மாற்றத்தை மட்டும் அல்லாமல் முழுப் படத்தையும் அனுப்பும் சட்டகம்) இடைவெளியை 1 விநாடியாக வையுங்கள். 10 விநாடி வைத்தால், கண்ணிமைக்கும் நேரச் சிக்னல் இழப்புக்கும் படம் திரும்ப வர 10 விநாடி காத்திருக்க நேரும். 720×576 அளவு இந்த வேகத்துக்குப் பொருத்தம்.

அனலாக் கேமராவாக இருந்தால் வீடியோ 1 வோல்ட், 75 ஓம். ஒரே வீடியோவை டிரான்ஸ்மிட்டருக்கும் மானிட்டருக்கும் டீ துண்டு போட்டுப் பிரித்தால் இரண்டு 75 ஓம் சேர்ந்து படம் மங்கும். மானிட்டரின் 75 ஓம் ஸ்விட்சை அணையுங்கள்.

எச்டிஎம்ஐ வாய்கள் களத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல. கேபிளைக் கேமராவின் உடம்போடு சேர்த்து டேப் ஒட்டி, இழுவிசை வாய்க்குப் போகாமல் பாருங்கள். கேமராவின் மெனு எழுத்துகள் வெளிவராமல் அமைக்க மறக்காதீர்கள்.

பேச்சுத் தொடர்பு படத்தைக் கெடுக்கும் விதம்

களத்துக்கும் அறைக்கும் நடுவே 144 மெகாஹெர்ட்ஸ் வாக்கி டாக்கி வைத்துக்கொள்வது வழக்கம். 144.5-இன் மூன்றாம் ஹார்மோனிக் (மூன்று மடங்கு அதிர்வெண்ணில் தானாகக் கசியும் அலை) 433.5. 145-க்கு 435. நீங்கள் பேசும் ஒவ்வொரு முறையும் 70 செ.மீ. டிவி ரிசீவருக்குள் அது நேராகப் போய் விழும். "படம் எப்படி இருக்கிறது?" என்று அறைக்குள்ளிருந்து கேட்கும் அந்தக் கணத்தில் படம் அறுந்து, கேட்டு முடித்ததும் திரும்பி வரும். காரணம் தெரியாமல் பலர் டிரான்ஸ்மிட்டரையே மாற்றிப் பார்ப்பார்கள். மூன்று தீர்வுகள்: வாக்கி டாக்கியின் வெளிவழியில் லோபாஸ் ஃபில்டர் (உயர் அதிர்வெண்ணைத் தடுப்பது), அறையில் அந்த ஆன்டெனாவை யாகியிலிருந்து 10 மீட்டராவது தள்ளி, யாகியின் பின்பக்கம் வைப்பது, மூன்றாம் மடங்கு உங்கள் சேனலுக்கு வெளியே விழும் அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுப்பது. சேனல் 2 மெகாஹெர்ட்ஸ்தான் அகலம் என்றால் இந்த மூன்றாவது எளிது. 430 மெகாஹெர்ட்ஸ் பக்கம் பேசுவதை அடியோடு தவிருங்கள்.

நிகழ்ச்சி நாள்

குறைந்தது மூன்று பேர் வேண்டும். கேமராவுக்கு ஒருவர், டிரான்ஸ்மிட்டரும் பேச்சும் ஒருவருக்கு, அறையில் ஒருவர். கண்ணைக் கேமராவில் வைத்திருப்பவர் பின்னால் வரும் வண்டியைப் பார்க்க மாட்டார். அவரைப் பார்த்துக்கொள்வது இரண்டாமவரின் பொறுப்பு.

நிகழ்ச்சிக்கு இரண்டு மணி நேரம் முன்பே நிறுவி முடியுங்கள். கம்பம் நடும் முன் தலையைத் தூக்கி மின்கம்பிகளைப் பாருங்கள். கம்பத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் கம்பி இருந்தால் அந்த இடம் வேண்டாம். மூன்று பக்கம் கயிறு, கயிற்றில் கண்ணில் படும் வண்ணத் துணி. ஆன்டெனா ஆட்கள் தலைக்கு மேல் 2 மீட்டராவது நிற்கட்டும். முதுகுப்பையில் சுமந்து நடக்கும் நிலையம் என்றால் சக்தி 1 வாட்டுக்குள், ஆன்டெனா தலைக்கு மேலே நீட்டிய குச்சியில். இடி முழங்கினால் அணைத்து இறக்கிவிட வேண்டும், யார் கேட்டாலும்.

இயக்கும் வரிசை: ஆன்டெனா இறுக்கமா என்று கையால் தொட்டுப் பார்ப்பது, கேமரா, என்கோடர், அதன் படத்தை உள்ளூர் மானிட்டரில் உறுதி செய்வது, பிறகு மாடுலேட்டர், கடைசியில் ஆம்ப்ளிஃபயர். அணைக்கும்போது தலைகீழ் வரிசை. அறையில் இருப்பவர் அரைமணிக்கு ஒரு முறை ரிசீவர் காட்டும் எஸ்என்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எத்தனை டெசிபல் மேலே என்ற) எண்ணைக் குறித்து வரட்டும். காலையில் 18 இருந்தது 11 மணிக்கு 12 ஆகியிருந்தால், படம் இன்னும் பளிச்சென்று இருக்கும்போதே கம்பத்தை ஒரு மீட்டர் ஏற்றச் சொல்லலாம். டிஜிட்டலில் நமக்குக் கிடைக்கும் ஒரே முன்னெச்சரிக்கை அந்த எண்தான்.

தாமதத்தையும் அறையில் இருப்பவர்களுக்குச் சொல்லி வையுங்கள். டிஜிட்டல் படம் அரை விநாடி முதல் இரண்டு விநாடி வரை பின்தங்கி வரும். "இப்போது இடப்பக்கம் திருப்பு, நிறுத்து" என்று படத்தைப் பார்த்தபடி சொன்னால் கேமரா எப்போதும் கடந்து போயே நிற்கும். "பச்சைப் பந்தலைக் காட்டு" என்று இலக்கைச் சொல்வதே சரி.

அடையாளம் கண்டு சரிசெய்ய

அனலாக் படத்தில் மீன்முள் போன்ற சாய்வுக் கோடுகள் ஓடினால், உங்கள் டிரான்ஸ்மிட்டர் அலையே கேமராக் கேபிளுக்குள் நுழைகிறது. ஆன்டெனாவைக் கேமராவிலிருந்து 3 மீட்டர் தள்ளி, வீடியோ, மின்சாரம் இரண்டு கேபிளிலும் ஃபெரைட் (தேவையற்ற ரேடியோ அலையைத் தடுக்கும் காந்த வளையம்) போடுங்கள். டிஜிட்டலில் இதே கோளாறு என்கோடர் தானாக மறுதொடக்கமாவதாகத் தெரியும். சக்தியைப் பாதியாக்கிப் பார்த்தால் நின்றுவிடும் என்பதே அதன் அடையாளம்.

படத்தில் அகலமான இருண்ட பட்டை மெதுவாக மேலேறினால், ஜெனரேட்டர் மின்சாரத்தில் ஓடும் ஏதோ ஒன்றும் பேட்டரியில் ஓடும் ஒன்றும் கேபிளால் சேர்ந்து கிரவுண்ட் வளையம் ஆகியிருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே பேட்டரிக்குக் கொண்டு வாருங்கள், முடியாதென்றால் வீடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர்.

எஸ்என்ஆர் நன்றாக இருந்தும் படம் உறைகிறதென்றால் ரேடியோவைத் தொடாதீர்கள், கோளாறு என்கோடரின் பிட் அளவிலோ எச்டிஎம்ஐ வாயிலோ இருக்கிறது. அனுப்பும் பக்கம் எதுவும் மாறாமல் எஸ்என்ஆர் ஒரே அளவில் கீழேயே நின்றால் ஆம்ப்ளிஃபயரை அதிகம் ஓட்டுகிறீர்கள். ஓட்டத்தை 3 டெசிபல் குறைத்ததும் எஸ்என்ஆர் ஏறினால் சந்தேகமே வேண்டாம். சில நிமிடத்துக்கு ஒரு முறை மின்னல்போல் அறுந்து வந்தால், 433.05 முதல் 434.79 வரை இயங்கும் ரிமோட் சாவிகளையும் சென்சார்களையும் நினையுங்கள். 1 மெகாஹெர்ட்ஸ் நகர்ந்தாலே பெரும்பாலும் விலகிவிடும்.

முடிந்ததும் கேபிள்களைச் சுருட்டும்போதே கனெக்டர் ஒவ்வொன்றையும் துடைத்து, தளர்ந்தது எது என்று பாருங்கள். கோளாறு தந்த கேபிளில் அங்கேயே சிவப்பு டேப் ஒட்டித் தனிப் பையில் போடுங்கள். நல்ல கேபிள்களோடு ஒருமுறை கலந்துவிட்டால், அடுத்த நிகழ்ச்சியின் காலையில் முதலில் கைக்கு வருவது அதுவாகத்தான் இருக்கும்.